புளியரையிலிருந்து தள்ளாடி வந்த வண்டி

வெட்கத்தை விட்டு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மார்கழியில் நான் தென்காசிக்குப் போனது குற்றாலத்தில் குளிப்பதற்காக அல்ல. ஒரு மனிதருடைய வாயை மோந்து பார்ப்பதற்காக. நாற்பத்தாறு வயதில், தலையில் மஃப்ளரும் கையில் டார்ச்சு விளக்குமாக, கோழி கூவுவதற்கு முன் எழுந்து செய்கிற வேலையா இது என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். ஆனால் வேலை அவளுடைய அண்ணனுக்கு ஆக வேண்டியது என்பதால், கேட்டுக்கொண்டே என் பெட்டியையும் கட்டி முடித்துவிட்டாள்.

அந்த அண்ணன், அதாவது என் மச்சான் சங்கரலிங்கம், தென்காசியில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். மலைக்கு அந்தப் பக்கத்து மலையாள ஊரான புனலூரிலிருந்து கொப்பரை ஏற்றி வர அவரிடம் ஒரு பிக்கப் வண்டி உண்டு. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலம் விட்டதில் எடுத்தது. முன்பக்கம் இரண்டு பேர் உட்காரலாம், பின்பக்கம் திறந்த தொட்டி. அதை ஒன்பது வருஷமாக ஓட்டுகிறவர் இசக்கிமுத்து. மெலிந்த ஆள், அதிகம் பேசமாட்டார், பேசினால் நமக்குத்தான் சங்கடமாக முடியும்.

இசக்கிமுத்துவைப் பற்றி மச்சானுக்கு எட்டியிருந்த சேதி இது. வாரத்துக்கு இரண்டு தடவை மலைக்கு அந்தப் பக்கம் போகிறவர், அங்கே கடைகள் திறந்து கிடப்பதால் வயிறு நிறைய ஊற்றிக்கொள்கிறார். இருட்டுவதற்குள் மலையிறங்கி அடிவாரத்துப் புளியரையில் படுத்து, விடிகாலையில் செங்கோட்டைக்குள் வருகிறபோது வண்டி தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தள்ளாடுகிறது. நம் பக்கம் மதுவிலக்கு என்பது உங்களுக்குத் தெரியும். பார்த்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. செங்கோட்டை டீக்கடை பெஞ்சு மொத்தமும் பார்த்திருக்கிறது.

"தை பொறந்ததும் அவனை அனுப்பிருவேன் மாப்ளே," என்றார் மச்சான். "ஆனா ஒம்பது வருசம் பாத்துக்கிடும். கண்ணால காணாமச் செய்யக் கூடாதுல்லா. நீரு ஒரு நடை கூடப் போயி மோந்து பாத்துட்டு வாரும்."

குடிகாரன் என்று மச்சான் ஒருவரை அனுப்பிவிட்டால், தென்காசியிலிருந்து சங்கரன்கோவில் வரைக்கும் எவரும் அவரிடம் ஒரு ஸ்டியரிங்கைக் கொடுக்கமாட்டார்கள். போலீஸ் சங்கதி தனி. ஆகவே ஒரு மனிதரின் பிழைப்பு என் மூக்கில் தொங்கியது. என் மூக்கு எங்கள் குடும்பத்தில் கொஞ்சம் பிரசித்தம். பந்தியில் உட்கார்ந்ததும் சாம்பார் அடிப்பிடித்ததை முதலில் சொல்கிறவன் நான்தான். அதனாலேயே பல வீடுகளில் என்னைக் கடைசிப் பந்தியில் உட்கார வைக்கிறார்கள்.

மதுரையில் இரவு பத்தரைக்கு ரயில் ஏறினால் விடிகிற நேரத்தில் தென்காசி. மூன்றாம் வகுப்பில் போகிறவர்கள் மேற்குப் பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ராஜபாளையம் தாண்டியதும் நிலா இருந்தால் மலை கூடவே வரும், நிலா இல்லாவிட்டால் பனிக்காற்று மட்டும் வரும். எனக்குக் காற்று வந்தது.

தென்காசியில் இறங்கினால் கோயிலைப் பார்க்காமல் வரக் கூடாது. கோபுரம் மேல்பாதி இல்லாமல் மொட்டையாக நிற்கிறது. அதன் வாசலில் வீசுகிற காற்றுக்கு மட்டும் எந்தக் குறைச்சலும் இல்லை. வேட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உள்ளே போகவும். நான் ஒரு கையில் மஃப்ளரைப் பிடித்திருந்தேன், மீதியைச் சொல்வதற்கில்லை.

மச்சான் வீட்டில் இரண்டு வேளை சாப்பிட்டால் அவருடைய தொழில் நம் உடம்பில் ஊறிவிடும். தலைக்கு, தோசைக்கு, கதவுக் கீலுக்கு, சுவர்க் கடிகாரத்துக்கு, மாட்டுப் புண்ணுக்கு, எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய். எனக்கு இருமல் வந்தபோது நெஞ்சிலும் தடவினார்கள். வீட்டில் இருக்கும்போது வேறு எண்ணெயைக் காசு கொடுத்து வாங்குவது மச்சானுடைய கணக்கில் பாவத்தில் சேர்த்தி.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். வண்டி நிற்கும் கொட்டகை மில்லின் எஞ்சின் அறைச் சுவரை ஒட்டி இருக்கிறது. ராத்திரி நெடுகக் கதகதவென்று இருக்கும், இரண்டு நாய்கள் அங்கேதான் தூங்கும். வண்டி அங்கிருந்து வெண்ணெயாக வெளியே வந்தது. செங்கோட்டை ஐந்து மைல், புளியரை அதற்கு மேல் நாலு மைல். அப்புறம் வளைந்து வளைந்து ஏறுகிற மலைச்சாலை. இசக்கிமுத்து ஒரு வளைவில்கூட ஹாரனை மறக்கவில்லை. புனலூரில் கொப்பரை ஏற்றும்போதும் சாப்பிடும்போதும் அவரை விட்டு நான் ஒரு அடி நகரவில்லை. கிணற்றடிக்குப் போனபோதும் பின்னால் போனேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு வாளி தண்ணீர் இறைத்து வைத்தார்.

மலையிறங்கிப் புளியரைக்கு வரும்போது மாலை ஆறரை. அதற்கு மேல் மில்லில் சரக்கு இறக்க ஆள் கிடையாது. இசக்கிமுத்து வழக்கமாகத் தங்குகிற சரக்குக் கிட்டங்கி வராந்தாவில் ஆளுக்கு ஒரு கயிற்றுக் கட்டில் கிடைத்தது. வண்டி எதிரில் வெட்டவெளியில் நின்றது. அந்தக் குளிரைப் பற்றி நான் என்ன எழுதினாலும் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். மலையிலிருந்து இறங்குகிற காற்று கட்டிலுக்கு அடியில் புகுந்து கயிற்றின் ஒவ்வொரு கண் வழியாகவும் தனித்தனியாகக் குத்தியது என்று மட்டும் சொல்கிறேன்.

விடிகாலை நாலேமுக்காலுக்கு இசக்கிமுத்து எழுந்தார். நானும் எழுந்தேன். அவர் முகம் கழுவுவதற்குள் காரியத்தை முடிக்க வேண்டும். ஏதோ ரகசியம் கேட்பவன் போல அவர் முகத்துக்கு அருகில் போய், "இப்ப மணி என்ன இருக்கும்?" என்றேன். மணிக்கட்டில் என் கடிகாரம் பளபளவென்று இருந்தது. அவர் பதில் சொன்னார், ஆனால் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கி, எனக்குப் பல் வலிப்பதாகவும் அவருக்குக் கடைவாய்ப் பல் எல்லாம் சுகமா என்றும் விசாரித்தேன்.

"சார்," என்றார் இசக்கிமுத்து, "மோந்து பாக்கணும்னா சொல்லிட்டே பாருங்க. நான் ஊதுதேன். செங்கோட்டை போலீஸ்காரர் பாத்தாச்சு, மில்லு கணக்குப்பிள்ளை பாத்தாச்சு, வீட்டுல எம் பொஞ்சாதி தெனமும் பாக்கா. நீங்க நாலாவது ஆளு."

ஊதினார். இரவு சாப்பிட்ட பூண்டுத் துவையலைத் தவிர வேறொன்றும் இல்லை. பூண்டு நல்ல பூண்டு. நான் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு வானத்தில் நட்சத்திரம் பார்த்தேன்.

ஐந்து மணிக்கு வண்டி கிளம்பியது. கிளம்பின உடனேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, அதாவது பாதி விஷயம். முதல் வளைவில் இசக்கிமுத்து ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினார். வண்டி யோசித்தது. இரண்டு கையாலும் பிடித்துத் தோளைக் கொடுத்து இழுத்தார். வண்டி திடீரென்று ஒப்புக்கொண்டு, கேட்டதற்கு மேலேயே திரும்பிற்று. வளைவு முடிந்தால் சக்கரம் தானே நேராக வேண்டும். இது நேராகவில்லை. மறுபடி இடப்பக்கம் இழுக்க, அந்தப் பக்கம் வரப்பை எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. ஒரு மாட்டுவண்டிக்காரர் எங்களைக் கண்டதும் மாட்டை அவிழ்க்காத குறையாக வயலில் இறக்கிவிட்டார். செங்கோட்டைக்குள் நுழைந்தபோது டீக்கடை பெஞ்சு முழுவதும் எழுந்து நின்றது. அதில் ஒருவர் என்னைச் சுட்டிக்காட்டி, "இன்னைக்குக் கூட்டாளி வேற," என்று சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது.

தென்காசியை நெருங்குகிற நேரத்தில் வண்டி சரியாகிவிட்டது. விடிகாலையில் தள்ளாட்டம், வெயில் ஏறினால் தெளிவு. குடிகாரர்களுக்கு இருக்கிற அதே அட்டவணை. ஊர் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை.

"அவர் குடிக்கலை மச்சான், வண்டிதான் குடிச்சிருக்கு," என்று சாட்சி சொன்னேன். மச்சான் நம்பவில்லை. மெக்கானிக்கை வரவழைத்தார். அந்த மனிதர் சாவகாசமாகப் பதினோரு மணிக்கு வந்து, அம்மன் சந்நிதிப் பக்கம் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, ஒரே விரலால் ஸ்டியரிங்கைச் சுற்றிக் காட்டினார். மூன்றாவது தடவையாக அவரைக் கூப்பிடுகிறார்களாம். வண்டியில் ஒன்றும் இல்லை, இருப்பதெல்லாம் ஓட்டுகிறவரிடம்தான் என்று எழுதிக் கொடுக்கவும் தயார் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். முன் டயரில் காற்று குறைவு என்றேன். அளந்தார்கள், சரியாக இருந்தது. கொப்பரை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும் என்றேன். வண்டி காலியாக இருக்கிறது என்றார்கள். அச்சு வளைந்திருக்கலாம் என்றபோது மச்சான், "மாப்ளே, நீரு போயி ஒரு காப்பி குடியும்," என்றார்.

இசக்கிமுத்து தூணருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மச்சான் அவரைப் பார்த்து, தை பிறக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பூண்டு வாசனைக்கு நான் சாட்சி. அதைவிட, டீக்கடை பெஞ்சில் கூட்டாளி என்று என் பேரும் ஏறிவிட்டது. ஆகவே குற்றாலம் பார்க்க வேண்டும் என்று சொல்லி வண்டியையும் இசக்கிமுத்துவையும் கேட்டு வாங்கினேன். தென்காசியிலிருந்து மூன்றரை மைல். மார்கழியில் சீசன் கூட்டம் கிடையாது, இரண்டு கட்டில் போட்ட அறை இரண்டு ரூபாய்க்குக் கிடைத்தது. வண்டியை மரத்தடியில், அருவிக் காற்று படுகிற இடமாகப் பார்த்து நிறுத்தச் சொன்னேன். நோயாளியை நோய் வருகிற இடத்தில் வைத்துப் பார்ப்போம் என்பது என் யோசனை.

மறுநாள் விடிகாலை வண்டி சொன்னபடி நோயில் விழுந்திருந்தது. நின்ற இடத்திலேயே ஸ்டியரிங் அசைய மறுத்தது. நோயைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் நிற்க முடியும்? வந்தது வந்தோம், குளிப்போம் என்று பேரருவிக்கு நடந்தோம். தண்ணீர் நன்றாக விழுந்தது, ஆள் நடமாட்டமே இல்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டால் குளிர் கொஞ்சம் தாங்கும் என்று மச்சான் வீட்டில் தந்த தேங்காய் எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்தேன். வரவில்லை. தட்டினேன், உதறினேன். வெள்ளைவெளேரென்று உறைந்து கிடந்தது. ஈர்க்குச்சி விட்டுக் குடைந்ததில் குச்சி ஒடிந்து உள்ளே தங்கிவிட்டது.

குளிரில் எனக்குக் கோபம் வரும். மச்சானைத் திட்ட ஆரம்பித்தேன். தலைக்கும் இந்த எண்ணெய்தான், தோசைக்கும் இந்த எண்ணெய்தான், கடிகாரத்துக்கும் இந்த எண்ணெய்தான் என்று நான் வரிசையாக அடுக்க, பக்கத்தில் துண்டோடு நடுங்கிக்கொண்டிருந்த இசக்கிமுத்து ஒத்துப் பாடுகிறவர் போலச் சொன்னார்:

"ஸ்டியரிங்குக்கும் இதான்."

சொல்லிவிட்டு நின்றார். நானும் நின்றேன். இரண்டு பேரும் குப்பியைப் பார்த்தோம்.

ஸ்டியரிங் தண்டுக்கு அடியில் பல்சக்கரங்கள் கிடக்கிற ஒரு இரும்புப் பெட்டி உண்டு. அதில் கெட்டியான கியர் எண்ணெய் ஊற்ற வேண்டும். பெட்டி ஒழுகுகிறது, எண்ணெய் வாங்க வேண்டும் என்று இசக்கிமுத்து ஆடி மாதத்தில் கேட்டிருக்கிறார். தேங்காய் எண்ணெய்க்கு மேல் என்ன வழவழப்பு வேண்டிக் கிடக்கிறது என்று மச்சான் மில்லிலிருந்து அளந்து கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து, ஒழுகுகிறபோதெல்லாம் அதே மருந்துதான். ஆடியும் ஆவணியும் ஐப்பசியும் ஒன்றும் தெரியவில்லை. வெட்டவெளியில் மார்கழிப் பனி விழுந்ததும் பெட்டிக்குள் எண்ணெய் கட்டியாகிறது. எஞ்சின் சூட்டில் ஒரு மணி நேரத்தில் இளகிவிடுகிறது. மில் கொட்டகையில் எப்போதும் கதகதப்பு என்பதால் அங்கே நோய் வருவதே இல்லை.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறையும் என்று தெரியாத வீடு நம் பக்கம் உண்டா? குப்பியை வெயிலில் வைக்காத பெண்பிள்ளைதான் உண்டா? எண்ணெயிலேயே பிறந்து வளர்ந்த ஒரு மில் முதலாளி, அவருடைய ஒன்பது வருஷத்து டிரைவர், பிரசித்தமான மூக்குடைய நான், ஒருவருக்கும் தோன்றவில்லை. தலைக்குத் தடவுகிற எண்ணெய் உறையும். வண்டிக்கு ஊற்றியதும் அது வேறு சாதியாகிவிட்டதாக நினைத்துவிட்டோம்.

நான் உடனே ஓடிப்போய் மச்சானிடம் சொல்லத் துடித்தேன். இசக்கிமுத்து தடுத்தார்.

"சொன்னா, நீங்க எனக்காகப் பேசுதியன்னு நெனைப்பாவ. மொதலாளியே விடியக்காலம் ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டும் சார்."

அன்று மதியம் மச்சானுக்கு ஆள் அனுப்பி, ஒரு நாள் குளிக்க வாரும் என்று கூப்பிட்டேன். சாயங்கால பஸ்ஸில் வந்தார். மறுநாள் ஐந்தரை மணிக்கு, இசக்கிமுத்துவுக்கு உடம்பு சுகமில்லை, செங்கோட்டை வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று ஒரு பொய் சொல்லி, வண்டியைச் செங்கோட்டை வரைக்கும் மச்சானையே ஓட்டச் சொன்னேன். யுத்தகாலத்தில் கற்றுக்கொண்ட ஓட்டம் என்று பெருமையாக ஏறினார். இசக்கிமுத்து பின்னால் தொட்டியில் போர்வைக்குள் உட்கார்ந்துகொண்டார்.

குற்றாலத்திலிருந்து செங்கோட்டைக்கு நாலு மைல். வல்லத்தில் ஒரு வைக்கோல் படப்பைத் தொட்டுவிட்டு வந்தோம். மச்சான் முகத்தில் அந்தக் குளிரிலும் வேர்வை. முதல் மைலில் ரோட்டைத் திட்டினார், இரண்டாவது மைலில் பட்டாளத்தாரைத் திட்டினார், மூன்றாவது மைலில் சாமியைக் கூப்பிட ஆரம்பித்தார். செங்கோட்டைத் தெருவில் நாங்கள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குசலம் விசாரித்துக்கொண்டே நுழைந்தபோது பெஞ்சு வழக்கம்போல எழுந்தது. ஸ்டியரிங்கில் இருப்பது யார் என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டது, அவ்வளவு அதிர்ச்சி. ஒரு போலீஸ்காரர் டீக் கிளாசைக் கீழே வைத்துவிட்டு வந்து கை காட்டினார்.

"கொஞ்சம் ஊதுங்க."

"நான் எண்ணெய் மில் சங்கரலிங்கம்வே."

"தெரியும் அண்ணாச்சி. அதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஊதுங்க."

ஏகாதசிக்குக் காப்பிகூடக் குடிக்காத மனிதர், பெஞ்சு முழுவதும் பார்த்திருக்க, தெருவில் நின்று ஊதினார். போலீஸ்காரர் சந்தேகம் தீராமல் இன்னொரு தடவை ஊதச் சொன்னார். அப்போதுதான் இசக்கிமுத்து தொட்டியிலிருந்து இறங்கி, டீக்கடைக்காரரிடம் ஒரு கெட்டில் கொதிக்கிற வெந்நீர் கேட்டார். வண்டியின் முன்மூடியைத் தூக்கி, ஸ்டியரிங் பெட்டிமேல் சுற்றிச் சுற்றி ஊற்றினார். இரண்டாவது கெட்டிலும் ஊற்றினார். ஒரு பீடி குடிக்கிற நேரம் காத்திருந்தார்.

"இப்பத் திருப்பிப் பாருங்க மொதலாளி."

மச்சான் திருப்பினார். ஒரு விரலுக்கு வந்தது. மறுபக்கம் திருப்பினார், வந்தது. பெட்டியின் மூடியைத் தளர்த்தியபோது ஓரமாக வழிந்ததை டீக்கடைக்காரர் தொட்டு மோந்து, நல்ல சுத்தமான மில் எண்ணெய் என்றார். மச்சான் ஸ்டியரிங்கை இன்னும் இரண்டு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"ஏலே இசக்கி. போற வழியில கியர் ஆயில் எவ்வளவு வேணுமோ வாங்கிக்க."

"வேலையைப் பத்தி மச்சான்..." என்று நான் தொடங்கினேன். இசக்கிமுத்து என் கையை லேசாகத் தொட்டு நிறுத்தினார். எதிரில் பெஞ்சைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில், "நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லைன்னு இப்பமாவது எல்லாரும் கேட்டுக்கிடுங்க," என்றார். பெஞ்சு கேட்டுக்கொண்டது. கூட்டாளி என்று என்னைச் சொன்னவர் எனக்கு ஒரு டீ வாங்கித் தந்தார். சர்க்கரை கொஞ்சம் அதிகம்.

இனி, மார்கழியில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கம்பளி கட்டாயம் வேண்டும். பேரருவியில் காலை எட்டு மணிக்கு மேல் குளியுங்கள், அதற்கு முன் குளிப்பவர்கள் வேண்டுதல் உள்ளவர்கள். நேரமிருந்தால் பண்பொழி மலைக்கோயிலுக்கும் போகலாம், தென்காசியிலிருந்து பஸ் உண்டு, படியேற நல்ல முழங்கால் வேண்டும். நான் அடிவாரத்திலிருந்து கும்பிட்டேன். சொந்த வண்டியில் போகிறவர்கள், காலையில் ஒரு மாதிரியும் மதியம் ஒரு மாதிரியும் வண்டி நடந்தால் மதியம் வருகிற மெக்கானிக்கை நம்பாதீர்கள். நோய் இருக்கிற நேரத்தில் அவரைக் கூப்பிடுங்கள், எழுந்து வரமாட்டார், அது வேறு விஷயம். ஆளைப் பற்றி முடிவு கட்டுவதற்கு முன்னால் அவர் ஓட்டுகிற வண்டியில் ஒரு தடவை நீங்களே உட்கார்ந்து பாருங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன், நான் சொல்லித் தருகிற அளவுக்கு யோக்கியன் இல்லை என்றாலும்.

மலைக்கு அந்தப் பக்கம் போக மச்சானுடைய வண்டியில் இடம் கேட்கலாம், ஸ்டியரிங் இப்போது சுகம். ஆனால் ஓட்டுகிறவர் இசக்கிமுத்துவாக இருக்கமாட்டார். தை முதல் அவர் சங்கரன்கோவில் பஸ் ஓட்டுகிறார். அந்த வேலை கார்த்திகையிலேயே, நான் மூக்கைத் தூக்கிக்கொண்டு போவதற்கு ஒரு மாதம் முன்பே, முடிவாகியிருந்ததாம். என் பெட்டியை ரயிலில் ஏற்றிவிட்டு, வண்டி நகர்கிறபோதுதான் சொன்னார்.